ஒடெட் வாயைத் திறந்தாள்

ஜோயெல் சுரெட்டுக்கு வியாழக்கிழமை காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. ஃபண்டி விரிகுடாவில் பழைய கரைமேட்டை வெட்டி, கடலை உள்ளே விட்டு, உப்புச் சதுப்பை மீட்கும் ஒடெட் மெலான்சனின் சின்ன நிறுவனத்தில் அவளுக்கு வேலை ஏறக்குறைய உறுதி. இளைஞர்களைச் சுற்றுச்சூழல் வேலைக்கு எடுத்தால் சம்பளத்தில் பாதியை அரசு தரும். அது கிடைக்காவிட்டால் ஒடெட்டால் ஆள் வைக்க முடியாது. ஜோயெலும் அண்ணன் போன வழியே ஆல்பர்ட்டா எண்ணெய் வயலுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கடைசிக் கட்டமாகத் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து ஓர் அதிகாரி தொலைபேசியில் அழைத்தாள். பக்கத்தில் நின்ற ஜோயெலும் கேட்கட்டும் என்று ஒடெட் ஸ்பீக்கரைப் போட்டு, கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னாள். வேலைக்கு எடுக்கும் பெண் எப்படி என்று கேட்டதும்தான் வாய் நிற்கவில்லை.

"அவளப் பத்திக் கேக்கவா வேணும்? போன மாசம் பூரா முட்டளவு சேத்துல நின்னு புல்லு நட்டா. ஒத்தக் காசு வாங்கல."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு இந்த உதவி கிடையாது, புதிதாகச் சேர்பவருக்கு மட்டும்தான் என்றாள் அதிகாரி. ஜோயெல் தலையில் அடித்துக்கொண்டாள். புகழ்கிறேன் என்று குழி தோண்டிவிட்டாளே இந்த மகராசி.

அந்தக் கடற்கரை ஊர்க்காரர்களே அப்படித்தான். யார் வீட்டுக் கூரை பறந்தாலும் ஓடிப்போய் நிற்பார்கள். அதை வேலை என்று சொன்னால் கோபம் வேறு வரும்.

வேறு யாராவது இப்படி வந்தார்களா என்று கேட்டாள் அதிகாரி.

"யாரு வரல? தபால்காரர் வந்தாரு, பாதிரியார் வந்தாரு. என்னை விட்டுட்டுப் போன புருஷன்கூட வந்தான். மண்வெட்டிய ஒடச்சதுதான் மிச்சம்."

மறுமுனையில் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது.

"ஊர் பூராவையும் ஊழியர்னு எழுத முடியாதும்மா. இது சும்மா கை கொடுத்ததுதான். அந்தப் பொண்ண திங்கக்கிழமை சேத்துக்கங்க. அதுக்கு முன்னாடி மட்டும் வேலை வாங்காதீங்க."

ஒடெட் போனை வைப்பதற்குள் ஜோயெல் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. வெட்டிய வழியாகக் கடல் நுரைத்துக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. நட்ட புல்லில் ஒரு கொத்து வேர் தெரியச் சாய்ந்து கிடக்க, அவள் குனிந்தாள்.

"தொட்டே, கைய ஒடச்சிடுவேன்" என்றது பின்னாலிருந்து ஒடெட்டின் குரல். "திங்கக்கிழமைடீ."

ஜோயெல் இரண்டு கைகளையும் பைக்குள் திணித்துக்கொண்டு, சாய்ந்த புல்லையே பார்த்தபடி நின்றாள். வியாழக்கிழமையை அவள் வாழ்நாளில் இப்படி வெறுத்ததில்லை.