நீல வெளிச்சத்துக்கு முன் ஒரு கேள்வி

என் மாமியாராகப் போகிற ஜலஜா மாமிக்கு என் கன்னத்துப் பருக்களைப் பிடிக்கவில்லை. அதில் தப்பில்லை, எனக்கும்தான் பிடிக்கவில்லை. ஆனால் நான் கண்ணாடியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவேன். மாமி அப்படி விடுகிற ரகம் இல்லை. லேக் மார்க்கெட்டில் காப்பிப் பொடியும் அப்பளமும் விற்கிற கடையைத் தனி ஆளாக நடத்துகிறவர். கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு வங்காளிப் பெண் அவரிடம் சொல்லியிருக்கிறாள். காளிகாட் மெட்ரோ பக்கத்தில் ஒரு கிளினிக்காம். முகத்துக்கு எல்.இ.டி. வெளிச்சம் காட்டுகிறார்களாம். ஊசி கிடையாது, எரிச்சல் கிடையாது, பரு ஓடிப்போய்விடுமாம். அன்றைக்கே மாமி எனக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டார். தை மாதம் கல்யாணம். அதற்குள் முகம் பளிச்சென்று ஆகிவிட வேண்டும். செலவு மாப்பிள்ளை வீட்டுச் சீர் என்றும் சொல்லிவிட்டார்.

சீர் என்று சொன்னபிறகு எப்படி மறுப்பது? ஃபோனில் அம்மா வாயெல்லாம் பல்லாகச் சரி சரி என்றாள். ஃபோனை வைத்ததும் முகம் தொங்கிப்போனது.

"டாக்டர் என்ன மாத்திரை சாப்பிடறேன்னு கேட்டா கால்சியம்னு சொல்லிடு" என்றாள்.

எனக்கு வலிப்பு உண்டு. காலேஜில் படிக்கும்போது ஆரம்பித்தது. மாத்திரையில் அடங்கிவிட்டது, கடைசியாக வந்து சில வருஷங்கள் ஆகின்றன. மாத்திரையை நிறுத்தக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் உச்சரிப்பதில்லை. 'அது' என்றுதான் அம்மா சொல்வாள். கல்யாணம் ஆகி ஒரு குழந்தையும் பிறந்துவிட்டால் அப்புறம் யார் என்ன செய்ய முடியும் என்பது அவள் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அதனால் மாமியின் பிள்ளை சந்தீப்பிடம் நானே சொல்லிவிட்டேன், அம்மாவுக்குத் தெரியாமல். டாக்குரியா ஏரிக்கரையில் இரண்டாம் முறை சந்தித்தபோதே சொன்னேன். தனக்கு அது ஒரு விஷயமே இல்லை என்றான். அவன் அம்மாவிடம் சமயம் பார்த்துச் சொல்வதாகவும் சொன்னான். பத்திரிகை அடித்தாகிவிட்டது, அவனுக்கு இன்னும் அந்தச் சமயம் வாய்க்கவில்லை. நல்லவன்தான். ஆனால் அவன் அம்மாவின் முன்னால் போனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். விஷயம் மாமி காதுக்குப் போனால் கல்யாணம் நின்றுவிடும் என்று அம்மா பயந்தாள். நானும் பயந்தேன். எனக்கு அவனைப் பிடித்துப்போயிருந்தது.

கிளினிக் ஒரு புடவைக் கடையின் மாடியில் இருந்தது. பேஷன்டோடு ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றாள் வாசலில் இருந்த பெண். மாமி அவளிடம் சரளமான வங்காளியில், ஒருத்தி பெண்ணைப் பெற்றவள், இன்னொருத்தி கொண்டுபோகப் போகிறவள், இதில் யாரை வெளியே நிறுத்துவாய் என்று கேட்டார். அவள் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

முதலில் ஒரு நர்ஸ் என் முகத்தைக் கழுவித் துடைத்து, நேராகவும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்தாள். கேமரா வெளிச்சத்தில் ஒவ்வொரு பருவும் திரையில் பெரிது பெரிதாகத் தெரிந்தது. மாமி திரையைப் பார்த்து 'ச்சு' கொட்டினார். நல்லவேளை, ஒரு தடவைதான் கொட்டினார்.

டாக்டர் என்னைவிடக் கொஞ்சம் பெரியவராக இருப்பார், அவ்வளவுதான். நிதானமாகப் பேசினார். நீல வெளிச்சம் பருவுக்கு, சிவப்பு வெளிச்சம் சிவந்து வீங்கியதை அடக்குவதற்கு. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுவிடுவார்கள், வலிக்காது. ஆனால் ஒரே நாளில் எதுவும் நடக்காது, வாரக்கணக்கில் வர வேண்டும். எல்லோருக்கும் கேட்கும் என்றும் சொல்ல முடியாது. மாமிக்கு முகம் சுருங்கியது. அப்பளம் வாட்டி எடுப்பது போல ஒரு தடவை காட்டினால் போதும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இன்றைக்குக் கன்னத்தில் ஓரமாக ஓர் இடத்தில் மட்டும் காட்டிப் பார்த்துவிடலாம், அதற்கு முன் சில கேள்விகள் என்றார் டாக்டர்.

கேள்விகள் எனக்கு. பதில்கள் இரண்டு அம்மாக்களிடமிருந்து வந்தன. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடுவாயா என்றதற்கு இல்லவே இல்லை என்றாள் அம்மா. முகத்துக்கு என்ன போடுகிறாய் என்றதற்கு, பயத்தம் மாவு போடச் சொல்லியிருப்பதாக மாமி சொன்னார். வெயிலில் போனால் தடிக்குமா என்றதற்கு இருவரும் சேர்ந்தே பதில் சொன்னார்கள். எனக்கு வாயைத் திறக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

பிறகு டாக்டர், தினமும் ஏதாவது மாத்திரை உண்டா, ஃபிட்ஸ் எப்போதாவது வந்ததுண்டா என்று கேட்டார். வலிப்பு உள்ளவர்களில் சிலருக்கு வெளிச்சம் ஒத்துக்கொள்ளாது, அதனால் எல்லோரிடமும் கேட்பது வழக்கம் என்றார்.

அம்மா தன் அரைகுறை வங்காளியில் "கிச்சு நா" என்றாள். ஒன்றுமில்லையாம். அது போதாதென்று, கால்சியம் மட்டும் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

டாக்டர் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். நீங்கள் சொல்லுங்கள் என்றார். மூலையில் நர்ஸ் அந்த மெஷினைப் போட்டுவிட்டிருந்தாள். சுவர் நீலமாகிவிட்டது. கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எனக்காக நின்றாள். மேஜைக்கு அடியில் அம்மா என் முழங்காலை அழுத்தினாள்.

அந்த அழுத்தல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. வெளிச்சத்துக்கு நான் பயப்படவில்லை. எனக்கு வந்தது கோபம். இன்றைக்கு இங்கே இல்லை என்று சொன்னால், நாளைக்கு அவர்கள் வீட்டிலும் இல்லை என்றே சொல்ல வேண்டும். தினமும் ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு, ஆயுசு முழுக்கத் திருட்டுத்தனமாக மாத்திரை விழுங்க வேண்டும். டாக்டரிடம் வங்காளியில் சொன்னேன். மாமிக்கு வங்காளி என்னைவிட நன்றாகவே தெரியும். இருந்தாலும் அவர் பக்கம் திரும்பித் தமிழில் மறுபடி சொன்னேன்.

"எனக்கு வலிப்பு உண்டு மாமி. கடைசியா வந்து ரொம்ப நாளாச்சு. தெனம் ராத்திரி மாத்திரை சாப்பிடறேன்."

முழங்காலிலிருந்து அம்மாவின் கை விலகியது. மாமி என்னைப் பார்த்தபடியே இருந்தார். டாக்டர் மட்டும் எதுவும் நடக்காதது போல மாத்திரையின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, நர்சிடம் மெஷினை அணைக்கச் சொன்னார். உங்கள் நரம்பு டாக்டர் சரி என்று எழுதிக் கொடுக்காமல் வெளிச்சம் கிடையாது என்றார். இந்த மாத்திரையாலேயே சிலருக்குப் பரு வருவதுண்டு, அதையும் அவரிடம் கேளுங்கள், ஆனால் பருவுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்றார். தற்போதைக்கு ஒரு க்ரீம் எழுதினார்.

கடைசியாகக் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். எங்கள் பக்கத்தில் கல்யாண ராத்திரி பெண் விடிய விடிய விழித்திருப்பாள், உங்களுக்கும் அப்படியா, தூக்கம் கெட்டால் இவருக்கு ஆகாதே என்றார். மாமிதான் பதில் சொன்னார். எங்களுக்கு ராத்திரி இல்லை, விடியற்காலை நாலரை மணி முகூர்த்தம், தலை பின்னி மடிசார் கட்ட ரெண்டு மணிக்கே எழுப்பிவிடுவோம் என்றார். சொல்லி முடித்துவிட்டுத் தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாடிப்படி இறங்கிப் புடவைக் கடை வாசலுக்கு வந்ததும் அம்மா ஆரம்பித்தாள். மறைக்க வேண்டும் என்று இல்லை, பெண்ணைப் பெற்ற பயம், சொன்னால் யார் எடுத்துக்கொள்வார்கள் என்று ஏதேதோ சொன்னாள். மாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"சந்தீப்புக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியும் மாமி. மொதல்லயே சொல்லிட்டேன்."

அம்மா அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தாள். மாமியின் முகம் கறுத்துவிட்டது. "எனக்குக் கோவம் இல்லேன்னு நெனச்சுக்காதே. நெறையவே இருக்கு. மாத்திரைக்காக இல்லை. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, பத்திரிகைல பேர் போட்டிருக்கிற எனக்கு மட்டும் தெரியலை."

ஃபோனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனார். பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் ஒரு கை மேலும் கீழும் போனதைப் பார்த்தால், அந்தப் பக்கம் சந்தீப் படுகிற பாடு புரிந்தது. பாவமாகவும் இருந்தது, படட்டும் என்றும் இருந்தது. திரும்பி வந்தவர் எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு நம்பரை அழுத்தினார். வீட்டுக்காரரிடம் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்தப் போகிறார், எல்லாம் போச்சு என்றாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை.

"வாத்தியார் மாமா, ஜலஜா பேசறேன்" என்றார் மாமி. இந்தத் தடவை அவர் தள்ளிப் போகவில்லை. "நாலரை முகூர்த்தம் வேண்டாம். அன்னிக்கே ஒன்பது மணிக்கு மேல ஒண்ணு இருக்குன்னு சொன்னேளே, அதைக் குறிச்சுக்கோங்கோ."

அந்தப் பக்கம், கல்யாணத்தை நடத்திவைக்கப் போகிற வாத்தியார் நீளமாக ஏதோ சொன்னார். பத்திரிகை அடித்தாகிவிட்டதே என்று கேட்டிருப்பார். மாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அடிச்சா என்ன, எல்லாருக்கும் ஃபோன் பண்ணிச் சொல்லிக்கறேன். காரணமா? பொண்ணு தூங்கணும்."