கம்பளிக்கு விழுந்த சடை

அம்மாவாசி வீட்டு நாய்க்குச் சடை விழுந்துவிட்டது என்றதும் குச்சனூரே திரண்டு வந்து பார்த்தது. மனுசருக்குச் சடை விழுந்தால் சாமி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சீப்பும் படக்கூடாது, கத்தரியும் படக்கூடாது. நாய்க்கு விழுந்தால்? பைரவர்தான், வேறென்ன என்று கோயில் வாசலில் எள்ளு விற்கிறவள் முதலில் சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அடுத்த சனிக்கிழமையே சனீஸ்வரனைக் கும்பிட வந்த கூட்டத்தில் பாதி, ஆத்தங்கரை ஓரம் இருந்த அம்மாவாசியின் வீட்டுக்கு வந்து நாய் தலையில் நல்லெண்ணெய் ஊற்றிவிட்டுப் போனது.

மகள் பேச்சி செத்ததிலிருந்து அம்மாவாசி எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை. ஆடுகளைப் பத்திக்கொண்டு போவார், ஆட்டுக்கிடை போட்ட வயலில் காவலுக்குப் படுத்திருப்பார், கூப்பிட்டால் வந்து சாப்பிடுவார். சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. எழவு வீட்டில்கூடக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கல்லுளிமங்கன் என்று சொந்தக்காரர்கள் திட்டினார்கள். திட்டினதும் அவர் காதில் ஏறவில்லை.

அந்த நாய் வந்தது அறுபத்தாறில். மேகமலைத் தோட்டத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குப் போனபோது, லாரி டிரைவர் ஞானசிகாமணியிடம் நாயைக் கொடுத்துவிட்டுப் போனார். ஞானசிகாமணிக்கு ராயப்பன்பட்டி. வருசம் பூரா லாரியில் திரிகிற மனுசன் நாயை வைத்து என்ன செய்வார்? இது ஆடு மேய்க்கிற சாதி நாய், ஆடு இருக்கிற வீட்டில்தான் இதுக்குச் சோறு செரிக்கும் என்று அம்மாவாசியிடம் கொண்டுவந்து விட்டார். சாம்பலும் வெள்ளையுமாக முகமெல்லாம் மயிர். கண் எங்கே, மூக்கு எங்கே என்று தேடித்தான் பிடிக்கவேண்டும். எந்தப் பக்கம் சோறு வைக்கிறது மாமா என்று பேச்சி ஞானசிகாமணியிடம் கேட்டுச் சிரித்தாள். அப்போது அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். கம்பளி என்று பேர் வைத்தவளும் அவள்தான்.

ஞானசிகாமணி பக்குவமெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். வாரம் ஒருக்கா சீவணும். சீப்பு தோலைத் தொடணும். மேலோட்டமாக நீவிவிட்டால் பார்க்கிறவனுக்கு அழகு, உண்ணிக்குத்தான் கொண்டாட்டம். காதுக்குப் பின்னால், கக்கத்தில், தொடை இடுக்கில்தான் முதல் முடிச்சு விழும், விரலால் பிரித்துவிடணும். பங்குனி பிறந்ததும் வெட்டிவிடணும், ஆனால் மொட்டையாக வெட்டினால் வெயில் தோலைப் பொசுக்கிவிடும். அதட்டக் கூடாது, சத்தம் போட்டால் அது வேலையே செய்யாது.

நம்ம ஊர் கிடைநாய் காவலுக்கு. நரி வந்தால் குரைக்கும், அவ்வளவுதான். ஆட்டை விரட்டுகிற நாய் என்றால் அது ஆட்டைக் கடிக்கப் பழகின நாய், அடித்துத்தான் போடுவார்கள். கம்பளி முதல்நாள் வயிறு தரையில் உரச மந்தையைச் சுற்றி ஓடினதைப் பார்த்ததும் அம்மாவாசி கம்பை ஓங்கிவிட்டார். பேச்சிதான் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் பாருங்கப்பா என்றாள். பார்த்தால், வெள்ளாமைக்குள் இறங்கின ஆடெல்லாம் ஒரு வாய் கடி வாங்காமல் பாதைக்கு வந்து நிற்கிறது! நாய் சும்மா படுத்துக்கொண்டு ஆடுகளை முறைத்துக்கொண்டிருந்தது. அடி ஆத்தீ என்று அம்மாவாசி கம்பைக் கீழே போட்டார்.

அதற்கு ஆடு மட்டுமில்லை, மனுசரும் சிதறி இருக்கக் கூடாது. ஆத்தாக்காரி சங்கிலியம்மாள் அடுப்படியில், அப்பன் ஆட்டுக்கொட்டத்தில், மகள் வாசலில் என்று இருந்தால் அதுக்குப் பொறுக்காது. முழங்கால் மடிப்பில் தலையால் முட்டி முட்டி மூணு பேரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் படுக்கும். மாமியார் இல்லாத குறைக்கு இது ஒண்ணு என்று சங்கிலியம்மாள் வைவாள். வைதுகொண்டே நகர்ந்து உட்காருவாள்.

பேசின கல்யாணம் கூடுமுன்னே, பெரியம்மை வந்த வருசம் பேச்சிக்கு முத்து போட்டது. ஆத்தா வந்திருக்கா என்று வாசலில் வேப்பங்குழை செருகினார்கள். அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது, தலை சீவக் கூடாது. மனுசர் தலைக்கு இல்லாத சீப்பு நாய்க்கு எதுக்கு? சீப்பைக் கூரையில் செருகிவிட்டார்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று சுகாதாரத்துக்காரர்கள் ஜீப்பில் வந்து கேட்டார்கள். ஆத்தாவை வண்டியில ஏத்தக் கூடாது, கோவிச்சுக்கிருவா என்று சங்கிலியம்மாள் வாசலை மறித்து நின்றாள். அம்மாவாசி பக்கத்தில்தான் நின்றார். அவருக்கும் பயம். ஜீப் திரும்பிப் போய்விட்டது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னாலேயே பேச்சி போய்விட்டாள்.

அதற்கப்புறம் சங்கிலியம்மாள் தலை சீவவில்லை. நாயையும் யாரும் சீவவில்லை. கம்பளி மட்டும் பழையபடி இரண்டு பேரையும் முட்டி முட்டிப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கமாட்டாமல், அது படுத்ததும் ஆளுக்கொரு பக்கம் எழுந்து போனார்கள்.

ஒருநாள் சங்கிலியம்மாள் நாயின் காதுக்குப் பின்னால் கையை வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கயிறு கயிறாக முறுக்கிக் கிடந்தது. பேச்சி வந்திருக்கா, ஆத்தாவா வந்து இங்கன இறங்கியிருக்கா என்று அழுதாள். அன்றைக்குத்தான் பழைய மாதிரி ஒரு வாய் சோறு தின்றாள். அதைப் பார்த்த அம்மாவாசிக்கு, சடைதான் என்று இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

தை போய் மாசி போய்ப் பங்குனி வந்தது. சனிக்கிழமை தவறாமல் ஊற்றின எண்ணெயும் மஞ்சளும் புழுதியும் சேர்ந்து மயிர் தோல்செருப்பு மாதிரி இறுகிவிட்டது. கம்பளியால் ஓட முடியவில்லை. ஆடுகள் கண்ட வயலில் இறங்கி மேய்ந்தன, அம்மாவாசி வாங்கிக் கட்டிக்கொண்டார். வெயில் ஏற ஏற நாய் தண்ணித் தொட்டி அடியிலேயே கிடந்தது. ஒரு வாடை அடித்தது. ஆட்டுக்காரனுக்கு அந்த வாடை தெரியாதா? அம்மாவாசி தொடை இடுக்கில் சடையைத் தூக்கிப் பார்த்தார். புழு வைத்திருந்தது.

வெட்டணும் புள்ள என்று போய்ச் சொன்னார். வெட்டினால் அவள் போய்விடுவாள் என்றாள் சங்கிலியம்மாள். அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்து மேலாக விட்டுப் பார்த்தார். சடை எண்ணெயைக் குடித்ததே ஒழிய புண்ணுக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை. நாய் அவர் கையை ஒருமுறை நக்கிவிட்டு மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டது.

சனிக்கிழமை காலையில் வைத்த கஞ்சி அப்படியே கிடந்தது. அம்மாவாசி ஆட்டுமயிர் வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். சங்கிலியம்மாள் ஓடிவந்து நாய்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். தலைவிரிகோலம். கட்டிக்கொண்ட கையிலெல்லாம் ஈ.

"கை வச்சீகன்னா நானும் இங்கனயே செத்துருவேன்" என்றாள்.

அம்மாவாசி கத்தரியைக் கீழே வைக்கவில்லை. அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். எத்தனையோ மாசம் கழித்து அவர் பேசின நீளப் பேச்சு அதுதான். அதிலும் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை.

"ஆத்தா ஆத்தான்னு ரெண்டு பேரும் கும்பிட்டுக்கிட்டே நின்னோம். புள்ள செத்துப்போச்சு. நீ மறிச்ச, நான் பாத்துக்கிட்டு நின்னேன். இதையும் கும்பிட்டே கொல்லுவமா?"

கம்பளி சங்கிலியம்மாளுக்கு அடியில் மூச்சு விடுவதும் நிறுத்துவதுமாக இருந்தது. அவள் எழுந்து, நாயின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வெட்டுங்க" என்றாள்.

கத்தரி சுலபத்தில் ஏறவில்லை. இந்தப் பக்கம் தோலா மயிரா என்று விரலால் தடவித் தடவி வெட்டவேண்டியிருந்தது. சடை ஒரே தட்டாகக் கழன்று வந்தது. உள்ளே இருந்தது என்னவோ எலும்பும் தோலுமாக ஒரு சின்ன நாய். இவ்வளவுதானா இது என்று இருந்தது. தொடையிலும் வயிற்றிலும் சதை வெந்து கிடந்தது. சங்கிலியம்மாள் முகத்தைத் திருப்பவில்லை. புழுவை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். நெற்றி மயிரை வெட்டியதும் நாயின் கண் இரண்டும் வெளியே தெரிந்தன. அது நேராக அவளைப் பார்த்தது. வலிக்கும்போதுகூட முனகவில்லை.

"இது வேப்பெண்ணெய்க்கு அடங்காது. சின்னமனூரு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்" என்று அவளே சொன்னாள். அவர் வாயைத் திறக்குமுன் பழைய சேலையில் நாயைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டாள். அம்மாவாசி பின்னால் போனார்.

கோயில் தெருவில் சனிக்கிழமைக் கூட்டம். எண்ணெய்க் கிண்ணமும் பூவுமாக ஒரு கும்பல் அவர்கள் வீட்டைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தது. சேலைக்கு வெளியே தெரிந்த மொட்டைத் தலையைப் பார்த்ததும் எள்ளு விற்கிறவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். சாமி சடையில கத்தரி வச்ச வீடு விளங்குமா என்று யாரோ கேட்டார்கள். வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

சங்கிலியம்மாள் நின்றாள். வாசலை மறித்து நின்றவள்தான் அவள். இன்றைக்கு மறிக்கிறவர்களைப் பார்த்து நிற்கிறாள்.

"இது சாமி இல்ல, நாயி. உசுரு இருக்கு. வழிய விடுங்க" என்றாள்.

கூட்டம் விலகியது. அம்மாவாசிக்கு அந்த இடத்தில் நெஞ்சுக்குள் என்னவோ கழன்றது. நடுத்தெருவில் நின்று, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, மகள் செத்த அன்றைக்கு அழவேண்டிய அழுகையெல்லாம் அழுதார்.

சங்கிலியம்மாள் திரும்பிப் பார்த்தாள். நாயை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நடந்துக்கிட்டே அழுங்க. மதியம் ஆஸ்பத்திரியச் சாத்திருவாக" என்றாள்.