தேரிக்குப் போன டிரெய்லர்

குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டிகள் திருப்பூருக்குள் வந்து இறங்கியதும் முனீஸின் ஜீப்புக்கு வேலை குறைந்துபோனது. அதுவரை ஜீப்பின் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லரை மாட்டி, நெருப்பெரிச்சல் பகுதி நிட்டிங் கம்பெனிகளின் துணி உருளைகளைச் சாயப்பட்டறைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவன்தான். இப்போது ஜீப் ஆள் ஏற்றப் போனது. டிரெய்லர் வாடகை வீட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் சும்மா கிடந்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் அதில் அடைய ஆரம்பித்தன.

"பழைய இரும்புக்குப் போட்டுருவோம்" என்றான் முனீஸ்.

"போடாண்டாம்" என்றாள் அவன் மனைவி அபிராமி. "அதுல கூடாரம் கட்டுவோம். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு அதுலதான் போறோம்."

முனீஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். போன வருஷத்துக்குப் பிறகு அந்தக் கோயில் பேச்சையே அவன் எடுப்பதில்லை. அவர்களுடைய குலசாமி தெற்கே தூத்துக்குடிச் சீமையில், தேரிக்குள் இருக்கிறது. தேரி என்றால் அலையலையாய்ச் செம்மணல் மேடுகள் கிடக்கிற காடு. தங்குவதற்கு அங்கே எதுவும் கிடையாது. உத்திரத்துக்கு வருகிற குடும்பங்கள் ஓலைக்குடிசை போட்டுக்கொள்ளும். போன வருஷம் இவர்கள் போய்ச் சேர்ந்தபோது, முனீஸின் அண்ணன் சந்தனம் போட்டிருந்த குடிசை நிரம்பியிருந்தது. "ஊர விட்டுப் போனவுகளுக்கு எங்க இடம் ஒதுக்க?" என்று அவர் பெண்டாட்டி, மதினி ராமாயி பத்துப் பேர் முன்னால் கேட்டாள். இவர்கள் மணலில் சாக்கை விரித்துப் படுத்தார்கள். மகள் ஜோதிகாவைத் தேள் கொட்டியது. பிள்ளை தேறிவிட்டாள். முனீஸுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"இனி அந்தப் பக்கம் நான் வரல புள்ள."

"சாமி என்ன உங்க அண்ணனுக்கு மட்டுமா? யாருகிட்டயும் இடம் கேக்காண்டாம். நம்ம இடத்த நாமளே இழுத்துட்டுப் போவோம்."

முனீஸ் ஜீப்பை எடுத்துக்கொண்டு சவாரிக்குப் போய்விட்டான். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோழிகளை விரட்டிவிட்டு டிரெய்லரைக் கழுவினான்.

பெருமாநல்லூர் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர் சாமியப்பன். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏங்கண்ணு, ஊட்டுக்குள்ள படுத்தா தூக்கம் வராதுங்களா?"

"மணல்ல படுத்தா வரமாட்டேங்குதுண்ணே" என்றாள் அபிராமி. தேள் கதையைச் சொன்னாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு டேப்பை எடுத்தார்.

டிரெய்லரின் சின்னச் சக்கரங்களைக் கழற்றி, ஜீப்புக்குப் போடுகிற அளவிலேயே பெரிய சக்கரங்களை மாட்டினார்கள். ஸ்டெப்னி ஒன்றே இரண்டுக்கும் ஆகும். ஸ்பிரிங் பட்டைகள் கூடின. நான்கு மூலையிலும் சதுரக் குழாய் எழும்பி, மேலே கூரைச் சட்டமாகச் சேர்ந்தது. பக்கப் பலகையைக் கீல் வைத்து மடக்கினால் அடுப்பு வைக்கும் மேடை. கூடாரம் அபிராமியின் பாடு. பனியன் கம்பெனியில் பகல் முழுக்கத் தைத்துவிட்டு வந்து, வீட்டில் கேன்வாஸோடு மல்லுக்கட்டினாள். மெஷின் ஊசி ஒடிந்துகொண்டே இருந்தது. தடித்த மூலைகளைக் கோணி ஊசியால் கையிலேயே தைத்தாள். ஜன்னல்களுக்கு, கம்பெனியில் கழித்துப்போட்ட விளையாட்டுச் சட்டை மெஷ் துணி. மெத்தைக்குள் பனியன் வேஸ்ட்.

ஓட்டிப் பார்க்க ஊருக்கு வெளியே ஒரு வறண்ட பள்ளத்துக்குப் போனார்கள். நீர் ஓடிய தடம் முழுக்கப் பாறையும் குழியும். ஜீப் ஏறி இறங்கியது. பின்னால் வந்த டிரெய்லரின் ஒரு சக்கரம் பாறைமேல் ஏறியதும், மொத்தமும் சாய்ந்து அப்படியே படுத்துவிட்டது. கூரைச் சட்டம் நசுங்கியது. மேலே கட்டியிருந்த தண்ணீர் டிரம் உருண்டு போய்க் காய்ந்து கிடந்த மண்ணைச் சேறாக்கியது.

முனீஸ் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டான். "போதும். இதுல பிள்ளைய ஏத்திப் படுக்க வைக்கச் சொல்லுதியா?"

அபிராமி வண்டிப் பக்கம் போனாள். கிழிந்த கேன்வாஸைத் தூக்கிப் பார்த்தாள். கிழிந்தது துணிதான், அவள் போட்ட தையல் ஒன்றுகூட விடவில்லை. அது போதுமாக இருந்தது.

"ஏன் சாஞ்சுதுன்னு சாமியப்பண்ணன்கிட்டக் கேப்போம். அதுக்கப்புறம் வேண்டாம்னு சொல்லுங்க."

சாமியப்பன் வண்டியைச் சுற்றிவந்தார். "பாரத்தையெல்லாம் மேல வச்சா எப்பிடிங்க நிக்கும்? தண்ணி டிரம்ம அச்சுக்கு முன்னால அடியில தொங்கவுடோணும். அச்சையும் அகலம் பண்ணிப்போடலாம். ஆனா கூரையக் கொறைக்கோணும் கண்ணு. உள்ள நிமுந்து நிக்க முடியாது."

"படுக்கத்தான போறோம். அறுங்கண்ணே" என்றாள்.

அவள் தைத்திருந்த உயரத்தில் பாதி போனது. பிரித்து மறுபடி தைத்தாள். இந்த முறை துணியை முனீஸ் இழுத்துப் பிடித்துக்கொண்டான். திரும்பவும் அதே பள்ளம், அதே பாறை. டிரெய்லர் ஆடியது, முனகியது, ஏறி இறங்கியது. முனீஸ் ஜீப்பிலிருந்து குதித்து ஓடிப்போய் அதன் சக்கரத்தைத் தட்டிக்கொடுத்தான்.

உத்திரத்துக்கு முந்தின நாள் மத்தியானம் தேரி விளிம்பில் ஜீப் நின்றது. எதிரே செம்மணல் ஏற்றம். அண்ணன் சந்தனம் டிராக்டரில் ஓலை ஏற்றிக்கொண்டு வந்தார்.

"இது மேல ஏறாதுல. கழட்டிப் போட்டுட்டு நடந்து வாங்க" என்றார்.

"ஏறும் பெரியத்தான்" என்றாள் அபிராமி.

ஏறவில்லை. பாதி மேட்டில் சக்கரங்கள் மணலைப் பறித்துக்கொண்டு புதைந்தன. சந்தனம் கயிறு எடுக்க இறங்கினார். முனீஸ் கையைக் காட்டித் தடுத்தான். எல்லா டயர்களிலும் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டான். அபிராமி கையாலேயே மணலைப் பறித்துச் சக்கரங்களுக்கு முன்னால் வழி வெட்டினாள். வெயிலில் மணல் கொதித்தது. கீழே கிடந்த பனைமட்டைகளைப் பொறுக்கிக் குறுக்கே போட்டாள். முனீஸ் நாலு சக்கரத்துக்கும் கியரை மாற்றினான்.

"மெல்ல... மெல்ல... நிறுத்திராதீய!"

மட்டைகள் நொறுங்கின. ஜீப் நத்தை மாதிரி மேட்டைத் தாண்டியது. பின்னாலேயே டிரெய்லரும் தலையை ஆட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது.

கோயிலுக்குப் பக்கத்தில், கொல்லா என்கிற ஒரு முந்திரிமரத்து நிழலில், யாரையும் கேட்காமல் நிறுத்தினார்கள். கூடாரம் விரிந்தது. மடக்குப் பலகையில் அடுப்பு ஏறியது. ஜோதிகா மெத்தையில் குதித்தாள். காப்பி வாசனைக்கோ என்னவோ, ராமாயி வந்தாள். மெஷ் ஜன்னலை விரலால் தடவினாள்.

"உள்ள காத்து வருமா?"

"ஏறிப் பாருங்கக்கா."

ராமாயி ஏறி உட்கார்ந்தாள். தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று எட்டிப் பார்த்தாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, "எங்களுக்கும் ஒண்ணு தச்சுத் தருவியா?" என்றாள்.

அபிராமி மனசுக்குள் என்னென்னவோ சொல்ல நினைத்து வைத்திருந்தாள். இந்த ஒரு வருஷமாக அவற்றைப் பழகிப் பார்த்துமிருந்தாள். இப்போது அதையெல்லாம் விட்டுவிட்டு டம்ளரை எடுத்தாள்.

"தச்சுத் தாறேன். வண்டிய மட்டும் பெரியத்தான் கொண்டாரட்டும்" என்று காப்பியை நீட்டினாள்.

மறுநாள் விடிந்தபோது ஒரு மூலைத் தையலின் வழியாகக் காற்று மணலை உள்ளே கொட்டியிருந்தது. முனீஸ் பொங்கலுக்கு விறகு பொறுக்கப் போயிருந்தான். அபிராமி மணலை உதறிவிட்டு, அந்த மூலையைப் பல்லால் கடித்து இழுத்துப் பிடித்து, இன்னொரு வரிசை தைக்கத் தொடங்கினாள்.