நாலாம் மேசைக்கு மேலே தொங்கிய படம்

மூன்றாவது வெள்ளிக்கிழமையும் கத்தி வெட்டவில்லை. முட்டைக்கோஸை நறுக்கப் போனால் நசுங்குகிறது. எரிச்சலில் கத்தியைத் தொட்டியில் எறிந்துவிட்டு, கூடத்தில் நாலாம் மேசையை எட்டிப் பார்த்தேன். ஆர்லோவின் நாற்காலி அன்றும் காலி.

அமெரிக்காவில் ஈரி நகரத்துத் தேவாலயம் ஒன்றின் கீழ்த்தளத்தில் நடக்கும் இலவச மதியச் சாப்பாட்டுக்குப் பத்தொன்பது வருஷமாக நான்தான் சமையல். பெயர் வாண்டா. வாய் நீளம் என்பார்கள், சொல்லட்டும். எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட வருகிறவர் தன்னால் முடிந்த ஒரு வேலையைத் தானே எடுத்துக்கொள்வார். ஒருத்தி மேசைத் துணி மடிப்பாள், ஒருவன் வாசலில் பனி தள்ளுவான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஆர்லோ ஹாம்ப்ரிக், வெள்ளிதோறும் சாணைக்கல்லோடு வந்து என் கத்திகளைத் தீட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். ஆறு வருஷத்தில் ஒரு வாரம் தவறியதில்லை. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிற மனுஷன், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கி விழுந்துவிடுவார்.

சமையல் முடிந்ததும் கத்திகளைத் துண்டில் சுருட்டிக்கொண்டு, ஒரு டப்பாவில் சூப்பும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"யோவ் ஆர்லோ, உயிரோட இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன். கதவை உடைச்சிடாதே."

கதவைத் திறந்தார். மேசையில் டப்பா பீன்ஸும் காய்ந்த ரொட்டியும் கிடந்தன.

"என் சமையல் கசந்துபோச்சா?"

"உன் சமையல் எப்பவுமே சுமார்தான். அதுக்காக யாராவது வராம இருப்பாங்களா?" என்றவர், சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். எங்கள் கூடத்தின் மாதச் செய்தித்தாள். "இதைப் பாரு."

பார்த்தேன். முதல் பக்கத்துப் புகைப்படத்தில் ஆர்லோ சூப் கிண்ணத்தை வாங்கக் கை நீட்டுகிறார். அவர் தலைக்கு மேலே சுவரில் மாட்டிய பழைய காலத்துப் படத்தில் ஒரு கந்தல் தொப்பிக் கிழவனும் கை நீட்டுகிறான். கீழே, 'முந்நூறு ஆண்டுகள், அதே பசி' என்று கொட்டை எழுத்து.

"வாண்டா, நான் உங்கிட்ட என்னிக்காவது கையேந்தி நின்னிருக்கேனா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

சுவருக்கு அந்தப் படங்கள் வந்ததில் எனக்கும் பங்கு உண்டு. கூடத்துக்குப் புது வர்ணம் அடித்ததும், அலங்காரப் பொறுப்பை நிர்வாகக் குழுவிலிருக்கும் கான்ஸ்டன்ஸ் டெனன்ட் அம்மாள் ஏற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த ஏழைகளின் படங்களைத் தேடிப் பிடித்து, அலுமினியத் தகடுகளில் பெரிதாக அச்சிட்டு வாங்கி வந்தார். மொத்தம் எட்டு. கட்டைக்காலன், குருட்டுப் பிடில்காரன், வாசற்படியில் பிள்ளையோடு ஒரு தாய். "குழம்பு தெறிச்சாலும் ஒரே துடைப்புல போயிடும், வாண்டா" என்றார். துடைக்கப் போவது நான்தானே, அதில் மயங்கிவிட்டேன். படத்தில் இருப்பது யார், அதன் கீழே உட்காரப் போவது யார் என்று என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

ஆர்லோ சூப்பைக் குடித்து முடிக்கும்வரை இருந்துவிட்டு, கத்திச் சுருளைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு, நேராக டெனன்ட் அம்மாள் வீட்டுக்குப் போனேன். அன்பாக உள்ளே கூப்பிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, காபியும் ஆப்பிள் கேக்கும் வைத்தார். கோபத்தில் எனக்குக் கேக் இறங்கவில்லை. சுற்றிலும் பார்த்தேன். ஒரு சுவரில் பாய்மரக் கப்பல், இன்னொன்றில் ஒரு கூடை பீச் பழம்.

"படமெல்லாம் அழகா இருக்கும்மா. அந்தப் பிச்சைக்காரர் படத்துல ஒண்ணை இங்கேயும் மாட்டியிருக்கலாமே?"

"ஐயோ, சாப்பிடற இடத்துலயா?" என்று சிரித்தார். "அந்த முகத்தைப் பார்த்துக்கிட்டு எப்படி வாண்டா ஒரு வாய் உள்ளே இறங்கும்?"

நான் தொடாத கேக் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் சிரிப்பு மெதுவாக நின்றது. முகம் சிவந்துவிட்டது. காபிக் கோப்பையை எடுத்தவர் குடிக்காமலேயே கீழே வைத்தார்.

"அங்கே யார் சாப்பிட வராம போயிட்டாங்க?" என்று கேட்டார்.

"ஆர்லோ. வேளைக்குச் சாப்பாடு இல்லாம அவர் உடம்பு தாங்காதும்மா."

மறுநாள் காலை டெனன்ட் அம்மாளே திருப்புளியோடு வந்து நின்றார். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். எட்டுப் படங்களையும் இறக்கிச் சாமான் அறையில் சாத்திவைத்தோம். அன்றே ஆர்லோவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆர்லோ சாணைக்கல்லோடு வந்தார். நாலாம் மேசைக்கு மேலே திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்று பரிமாற வந்திருந்த டெனன்ட் அம்மாள் அவரைக் கண்டதும் கரண்டியோடு ஒதுங்கி நின்றார்.

"அந்தக் கிழவன் எங்கே?" என்று என்னைக் கேட்டார் ஆர்லோ.

சாமான் அறையைக் காட்டினேன். உள்ளே போய், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து வெகுநேரம் படத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கான். செருப்புலேர்ந்து கட்டைவிரல் எட்டிப் பார்க்குது பாரு" என்றார். "முந்நூறு வருஷம், வாண்டா. எத்தனை வீட்டுச் சுவர்ல தொங்கியிருப்பான், எத்தனை பேர் ரசிச்சிருப்பாங்க. இன்னும் அவன் கை காலியாத்தான் இருக்கு."

தகட்டைத் திருப்பி, முகத்தைச் சுவர்ப்பக்கமாக வைத்தார். பிறகு அடுப்படிக்கு வந்து, "கத்தியை எடு. சாப்பாட்டுக்கு நேரமாச்சு" என்றார்.