சிவப்புப் புள்ளி

முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, செத்துக் கிடந்த தங்கை ஷீலாவின் கால் கட்டைவிரல்களில் நெகிழ்ந்திருந்த கட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள் தேவானை. கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. பாடைக்கு மூங்கில் வந்துவிட்டது. தூக்க நாலு ஆள் வர வேண்டும். வந்தவர்கள் திரும்பிப் போகாமலும் இருக்க வேண்டும்.

"மஞ்சக்காமாலை" என்று காலையிலிருந்து இருபது பேருக்குச் சொல்லியாகிவிட்டது. போன மாசம் அடுத்த வரிசையில் ஒரு லாரி டிரைவர் எய்ட்ஸில் செத்தான். நோயின் பேர் வெளியே வந்ததும் அடையாற்றங்கரை மொத்தமும் கதவைச் சாத்திக்கொண்டது. தூக்க ஆளில்லாமல் சாயங்காலம் வரை கிடந்தான். ஷீலாவுக்கு அந்தக் கதி வந்தால் தேவானை தாங்க மாட்டாள்.

தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சுப்பம்மா எழுந்தாள். "தொண்ட காஞ்சி போச்சுடி" என்று, அலமாரி ஓரத்தில் தனியாகக் கவிழ்த்திருந்த தம்ளரை எடுத்துப் பானையில் மொண்டாள். விளிம்பில் நகப்பூச்சால் வைத்த சிவப்புப் புள்ளி.

தேவானைக்கு உயிரே போய்விட்டது. அது ஷீலாவின் தம்ளர். ரெண்டு வருஷமாக வேறு யாரும் தொட்டதில்லை. எடுக்காதே என்று கத்தலாம். ஏன் என்று கேட்டால்? சுப்பம்மா மடக்மடக்கென்று குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

அந்தப் புள்ளியைத் தேவானை வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நோயைச் சொன்ன அன்றைக்கு ஷீலாவே வைத்தாள். "இது என்து. நீ மாத்தி எடுத்துறப் போற" என்று சிரித்தாள். வேணாம்டி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கு நிம்மதியாக இருந்தது.

"இன்னாத்துக்குக்கா இப்டி வேர்க்குது ஒனுக்கு?" பேபி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சினிமாக் கும்பலில் நிற்கிறவள். ஷூட்டிங் இல்லாத நாளில் வடபழனி பஸ் டெப்போ பக்கம் தொழிலுக்குப் போகிறவள். அந்தப் பெண்களுக்குள்தான் ஷீலா எய்ட்ஸ் தடுப்புச் சங்கத்து ஆளாக அலைந்தாள். பேபியின் குரல் தாழ்ந்தது. "தம்ளர்ல ஒட்டாதுக்கா. தொட்டாலும் ஒட்டாது. ஷீலாக்கா மொத மொத எங்களுக்கு சொல்லிக் குடுத்ததே அதான். ஊட்ல சொல்லலியா?"

சொல்லியிருந்தாள். தேவானைதான் நம்பவில்லை.

பேபி எழுந்திருக்கவில்லை. "கேக்கக் கூடாத நேரம்தான். சனிக்கெழமைன்னா ஷீலாக்காதான் எங்களுக்கு நிரோத் குடுக்கும். ஆறு பேர் கீறோம், ஒருத்திகிட்டயும் இல்ல. இல்லாம போவ மாட்டோம்னு அதுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்துக்கிறோம்க்கா. இன்னிக்கே எப்டி மீறது?"

நிரோத் ஆணுறைகள் இருந்த பிஸ்கட் டப்பாவை விடிகாலையிலேயே அரிசி டிரம்மில் புதைத்திருந்தாள் தேவானை. ஆற்றில் எறிந்துவிடத்தான் நினைத்திருந்தாள். எழுந்து போய் மூடியைத் திறந்து முழங்கை வரை கையை விட்டாள்.

"இன்னாடி தேடுற?" சுப்பம்மா எட்டிப் பார்த்தாள்.

கை அப்படியே நின்றது.

"வாய்க்கரிசிக்குக்கா."

சுப்பம்மா மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி அழத் தொடங்கினாள். டப்பா பேபியின் கைப்பைக்குள் போனது. "நீயே வச்சுக்க. எல்லாருக்கும் குடு" என்றாள் தேவானை. ஒரு பிடி அரிசியை எடுத்து வந்து தங்கையின் வாயில் இட்டாள். கையில் சுற்றியிருந்த முந்தானை எப்போதோ அவிழ்ந்துவிட்டிருந்தது. வெறும் விரல் உதட்டில் பட்டது. ஜில்லென்றிருந்தது. ரெண்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் தொடுகிறாள்.

புருஷன் ரகுபதி டீச் செம்போடு உள்ளே வந்தான். "நாலு பேரும் வந்துட்டாங்க. தூக்கறதுக்குள்ள நீ ஒரு வாய் குடி. காலைலேர்ந்து பட்டினி."

தேவானை கீழே இருந்த தம்ளரை எடுத்து நீட்டினாள். ரகுபதி புள்ளியைப் பார்த்தான். முகம் மாறி, அலமாரி பக்கம் வேறு தம்ளர் தேடினான்.

"இதுலயே ஊத்துய்யா."

பாதிதான் ஊற்றினான்.

"ரொப்பு" என்றாள்.