அசையாதவர்களுக்கு எரியாத விளக்கு

1

இந்தக் கதை ஒரு கழிப்பறையில் பிறந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பெங்களூரில் ஒரு பெரிய ஆபீசுக்கு நண்பனைப் பார்க்கப் போயிருந்தேன். போன இடத்தில் உள்ளே உட்கார்ந்து எதையோ யோசித்துக்கொண்டிருந்தபோது பட்டென்று விளக்கு அணைந்தது. சுவரைத் தடவித் தடவி வெளியே வந்தேன். நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "சென்சார்டா அது. அசையாம இருந்தா உள்ள ஆளே இல்லன்னு நெனச்சுக்கும். கையை ஆட்டிக்கிட்டே இருக்கணும்."

திரும்பி வரும்போது பஸ் பெங்களூர் ஓரத்து ஹெப்பகோடியைத் தாண்டியது. மாடி வீடுகளின் ஜன்னல்கள் பாதி எரிந்தன, பாதி இருண்டிருந்தன. இருண்ட ஜன்னல்களுக்குள் யாராவது அசையாமல் உட்கார்ந்திருப்பார்களோ என்று நினைத்தபடியே தூங்கிப்போனேன். மற்றதெல்லாம் அந்தத் தூக்கத்தில் வந்தது.

2

முதல் தொடக்கம்: "2006ஆம் ஆண்டு, ஹெப்பகோடியில் ஒரு வாடகை வீட்டின் இரண்டாம் மாடியில், உத்தமன் என்ற ஹார்டுவேர் இன்ஜினியர்..." (போலீஸ் அறிக்கை மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "வீடு ஒரு கனவு கண்டது. அந்தக் கனவில் வீட்டுக்குக் கண்கள் முளைத்து..." (வீடே கனவு காண ஆரம்பித்தால் ஆட்கள் எங்கே தூங்குவது? இதையும் அடித்தேன்.)

மூன்றாவது நின்றது. உத்தமனுக்குச் சுவரில் ஆணி அடிக்க அனுமதியில்லை.

சாவி கொடுத்த அன்றே வீட்டுக்காரர் விரலை நீட்டிக் கன்னடத்தில் சொல்லிவிட்டார்: "கோடெ முட்டபேடி." சுவரைத் தொடவே கூடாது. காலண்டர்கூட ஜன்னல் கம்பியில்தான் தொங்கியது. ஆணி இல்லாமல், ஒயர் இழுக்காமல் ஒரு வீட்டையே பேசவைத்துக் காட்டுகிறேன் என்று உத்தமனுக்கு ரோஷம் வந்தது அப்படித்தான். கூட வேலை பார்க்கும் டெஸ்மண்ட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் அலைந்து சென்சார்களும் ரேடியோ சிப்புகளும் வாங்கி வந்தான். எல்லாவற்றையும் பசை டேப்பில் ஒட்டிவிடலாம். ஒரு பெரிய சார்ட் பேப்பரில் உத்தமன் வீட்டை வரைந்தான். கதவு, சோபா, டிவி, ஃப்ரிட்ஜ், பால்கனி.

கதவைத் திறந்தால் ஹால் விளக்கு மெல்ல மெல்ல விடியும். தூறல் விழுந்தால் பால்கனித் துணிகளை எடுக்கச் சொல்லி ஒரு மணி சிணுங்கும். ஹாலில் கொஞ்ச நேரம் அசைவில்லாவிட்டால் விளக்கு தானே அணையும். சோபாவில் படுத்தபடி பொத்தானை அமுக்கினால் படுக்கையறை மின்விசிறி சுழலும். (கனவு காண்பவனை இடையில் எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பத்தியை அப்படியே விட்டுவிடுகிறேன்.)

கலைவாணி டீ கொண்டுவந்து வைத்தாள்.

3

இங்கே நின்றுவிட்டேன். யார் இந்தக் கலைவாணி?

அவன் மனைவி, சரி. ஆனால் எழுதிய தாள்களைத் திரும்பப் படித்தால் அவள் டீயோடு மட்டும்தான் வருகிறாள். டம்ளரை வைத்ததும் அவள்மேல் விளக்கு அணைந்துவிடுகிறது. கதையும் ஒரு சென்சார்தான் போலிருக்கிறது. ஓடுகிறவன், கத்துகிறவன், கதவை உடைக்கிறவன் பக்கமே வெளிச்சம் போகிறது. சும்மா உட்கார்ந்திருப்பவள் அதன் கண்ணில் படுவதே இல்லை.

சும்மாவா? கலைவாணி திருப்பத்தூர்க்காரி. அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றி முணுமுணுத்துப் பதிவுசெய்ததைக் காதில் கேட்டு டைப் அடிப்பது அவள் வேலை. ஹாலின் மூலையில் அவள் மேஜை. காதில் ஹெட்போன், காலடியில் குரலை நிறுத்தவும் ஓட்டவும் ஒரு பெடல். பொழுதுக்கும் விரல்களும் ஒரு பாதமும் மட்டும் அசையும். எங்கோ ஒருவர் மாத்திரை மாற்றி விழுங்காமல் பிழைத்திருப்பது அந்த விரல்களால்தான்.

இப்போது அவளைச் சென்னை ஆபீசுக்குக் கூப்பிடுகிறார்கள், மற்றவர்கள் அடித்ததைச் சரிபார்க்கும் மேல்பதவிக்கு. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். போவதா இருப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. புருஷனோடு உட்கார்ந்து பேச ஆசைப்பட்டாள்.

4

"ஏங்க, அந்த சென்னை விஷயம்..."

"ம்ம். பாக்கலாம் வாணி. ஒரு நிமிஷம், இந்தக் கதவு சென்சாரு..."

"ரெண்டாவது தடவ கேக்கறேன்."

"இங்கயே நிம்மதியா வீட்ல இருக்க. எதுக்கு அலையணும்?" தாளிலிருந்து பென்சிலை எடுக்காமலேயே சொன்னான்.

அவள் குனிந்து படத்தைப் பார்த்தாள். "இதுல என் டேபிள் எங்க?"

"ஃபர்னிச்சர் எல்லாம் போடல வாணி."

சோபா இருந்தது. ஃப்ரிட்ஜ் கைப்பிடியோடு இருந்தது.

(இந்த இடத்தில் "அவள் கண்களில் நீர் திரண்டு..." என்று ஆரம்பித்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை. யாரோ ஒரு நோயாளியின் இதயம் ஹெட்போனில் காத்துக்கொண்டிருந்தது, போய் அதை மாட்டிக்கொண்டாள்.)

5

எல்லாம் ஒட்டி முடித்த மறுநாள் வெள்ளிக்கிழமை. மேகம் மூடிய சாயங்காலம். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தான் உத்தமன். அவன் வீட்டு ஜன்னல் இருட்டாக இருந்தது. ஹாலில் ஆளில்லை, விளக்கு தானே அணைந்திருக்கிறது! சந்தோஷத்தில் இரண்டிரண்டு படியாக ஏறினான்.

கதவைத் திறந்தான். கனவில் கண்டதுபோலவே ஹால் மெல்ல விடிந்தது. மூலையில் கலைவாணி உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டரை அணைத்திருந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் அவள் ஊருக்குப் போகும்போது எடுத்துச்செல்லும் பை, துணி அடைத்து ஜிப் போட்டபடி.

"வாணி! இருட்டுல என்ன பண்ற?"

"வேல பாத்தேன். டைப் பண்றப்ப அணைஞ்சிடுச்சு. எழுந்து எழுந்து கைய ஆட்டினேன். அப்புறம் விட்டுட்டேன்."

"கோளாறுதான், டைமை மாத்தி வெச்சுடறேன். அதுவரைக்கும் லேசா கைய ஆட்டினா போதுமே."

"என் வீட்ல நான் இருக்கேன்னு நான் எதுக்குங்க கையாட்டிக் காட்டணும்?"

அவள் கத்தவில்லை. கேள்வியாகத்தான் கேட்டாள். உத்தமனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கீழே நின்று இருண்ட ஜன்னலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டானே, அப்போதும் அவள் உள்ளேதான் உட்கார்ந்திருந்தாள்.

6

ஒரு முடிவில் அவன் சென்சாரைப் பிடுங்கி எறிகிறான், அவள் பையிலிருந்து புடவைகளை எடுத்து அடுக்குகிறாள். (சினிமா. மேலும் அந்த வேலை? யாரும் கேட்கவே இல்லை.)

இன்னொரு முடிவில் அவள் சென்னையில் இருக்கிறாள். அவன் தனியாக ஹாலில் உட்கார்ந்து விளக்குக்குக் கையாட்டிக்கொண்டு... (எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. பிறகு யோசித்தால், மறுபடியும் வெளிச்சம் அவன்மேல்தான்.)

நான் பார்த்தது இவ்வளவுதான். உத்தமன் ஸ்க்ரூடிரைவரைத் தேடவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு அவள் காலடியில், பெடலுக்குப் பக்கத்தில், வெறும் தரையில் உட்கார்ந்தான்.

"அந்த சென்னை வேல என்னன்னு முதல்லேர்ந்து சொல்லு வாணி."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். யார் கூப்பிட்டார்கள், ஏன் அவளை, எது ஆசை, எது பயம். அவன் "ம்ம்" கொட்டவில்லை. தலையைக்கூட ஆட்டாமல் கேட்டான். பாதியில் விளக்கு அணைந்தது. யாரும் கையை உயர்த்தவில்லை. இருட்டில் அவள் குரல் மட்டும் தொடர்ந்தது. வெளியே தூறல் விழுந்தது. பால்கனியில் மணி சிணுங்கியது. துணிகள் நனைந்தால் நனையட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இப்போது அவள் சொல்லி முடித்துவிட்டாள். அவன் ஏதாவது சொல்ல வேண்டும். பை இருட்டில் இருவருக்கும் நடுவே இருக்கிறது. அதை நோக்கி அவள் கை போகுமா, அவனே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு சென்னைக்குத் துணையாகக் கிளம்புவானா, இல்லை... அடுத்த வாக்கியத்தில் யாரை அசைத்தாலும் விளக்கு எரிந்துவிடும். அதனால் பேனாவை மூடுகிறேன்.

நீங்களும் தாளைத் திருப்ப அவசரப்படாதீர்கள். கையைக் கொஞ்சம் அப்படியே வைத்திருங்கள். அவள் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள நமக்கு விளக்கு வேண்டாம்.