சமையலறைப் பூட்டு

ஃபோல்க்மார் என் பூட்டை மேசைமேல் வைத்து, "பின்பக்கத்துல என் பேரைப் பொறிச்சுக் குடு, ஓர்ட்ரூன். எழுத்து கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்" என்றபோது எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது.

பிரேமன் நகரில், ஒரு மதுக்கடையின் பின்னறையில், புதன்கிழமை சாயங்காலங்களில் கூடி, பொழுதுபோக்காகச் சாவியில்லாமல் பூட்டுத் திறப்பவர்கள் நாங்கள். திருடர்கள் இல்லை. பல் மருத்துவர், தபால்காரர், என்னைப் போல் பேருந்து ஓட்டுகிறவர். கடைப் பூட்டுகள் அலுத்துப்போனால் நாங்களே கடினமாக ஒன்று செய்து அடுத்தவருக்கு அனுப்புவோம். சாவியும் ஒட்டிய உறையில் கூடவே போகும். கம்பியால் திறந்த பிறகுதான் உறையைக் கிழிக்கலாம். முதலில் திறப்பவர் பெயர் பூட்டின் முதுகில் ஏறும். ஒன்பது மாதம் சமையலறை மேசையில் உட்கார்ந்து சாவிப் பற்கள் தூக்கிவிடும் உள்ளூசிகள் ஆறையும் அரத்தால் ராவினேன். இவன், கை தெரியாத கோணத்தில் ஒரு காணொளி போட்டு, நாலே நிமிடத்தில் திறந்துவிட்டதாகச் சொன்னான். 'சமையலறைப் பூட்டு' என்று தலைப்பு வேறு. சங்கமே சிரித்தது.

"உறை எங்க?"

"இந்தா. பிரிக்கவே இல்ல. தேவைப்படலையே!"

எல்லார் முன்னாலும் கிழித்தேன். சாவியை ராவும்போது அதன் பற்களில் கறுப்பு மார்க்கர் மை பூசி, பூட்டில் விட்டு, எங்கே உரசுகிறது என்று பார்ப்பது எங்கள் பழக்கம். கடைசியாகவும் பழக்கதோஷத்தில் பூசி, பூட்டில் விடாமலே, துடைக்கவும் மறந்து அப்படியே ஒட்டி அனுப்பியிருந்தேன். இப்போது ஆறு பற்களிலும் மை போய்ப் பித்தளை பல்லிளித்தது.

"தபால்ல உரசியிருக்கும்" என்றான்.

"தபால் என்ன, ஆறு ஊசிக்கும் அளவெடுத்தா உரசும்?"

"விடு ஓர்ட்ரூன், விளையாட்டுதானே" என்றார் பல் மருத்துவர். அவரையும் அறையலாம் போலிருந்தது. ஒன்பது மாதம் என் விரல் நுனிகளில் தோல் இல்லை. அது விளையாட்டா?

"சரி, இங்கயே திற. நாலு நிமிஷம்தானே?"

"இன்னிக்கு மணிக்கட்டு வலி." கம்பிகளையெல்லாம் சுருட்டி இரும்புப் பெட்டிக்குள் போட்டு மூடினான் ஃபோல்க்மார்.

நான் யோசிக்கவில்லை. என் பூட்டை எடுத்து அவன் பெட்டியின் கொண்டியில் மாட்டி அழுத்தினேன். சாவி என் சட்டைப்பைக்குள் போனது.

"ஏய்! பயன்பாட்டுல இருக்கற பூட்டைத் தொடக்கூடாதுன்னு விதி இருக்கு. மறந்துட்டியா?"

"சொந்தக்காரி அனுமதி குடுத்தா தொடலாம். குடுத்துட்டேன். திற."

"என் கம்பியெல்லாம் உள்ள இருக்கே!"

யாரும் சிரிக்கவில்லை. மூலையில் உருளைக்கிழங்கு சாலட் தின்றுகொண்டிருந்த தபால்காரி கேசா முள்கரண்டியை வைத்தாள். தன் கம்பிப் பையை மேசையின் குறுக்கே அவன் பக்கம் தள்ளினாள். பிறகு கைபேசியில் நேரமானியை ஓடவிட்டு, எல்லோருக்கும் தெரியும்படி குவளையில் சாய்த்து வைத்தாள்.

எண்கள் ஓடின. ஃபோல்க்மாரின் இரண்டு கைகளும் மேசைக்கு அடியிலேயே இருந்தன.